விடுதலைத் திருநாள்: விழாவும் நோன்பும்

தமிழர் வாழ்வில் விழாவும் நோன்பும் உடன்பிறந்தவை. மார்கழித் திங்களில் கன்னியர் விடியுமுன் நீராடி நோற்பது பாவை நோன்பு. அந்நோன்பு நிறைவெய்தும் நாளில் பாற்சோறு பொங்கி எல்லாரும் உண்டு மகிழ்வது விழா. ஐப்பசித் திங்களில் முருகன் அடியார் ஆறு நாள் உண்ணாதிருப்பது சஷ்டி நோன்பு. ஏழாம் நாள் திருமணக் காட்சி கண்டு விருந்துண்பது விழா. முதலில் உள்ளத்தைத் தூய்மை செய்து, அதன் பின்னரே மகிழ்ச்சியை வரவேற்பது நம் முன்னோர் கண்ட முறை.

நம் காலத்தில் தோன்றிய புதிய திருநாள் ஒன்று உண்டு. அதுவே ஆகஸ்டுத் திங்கள் 15 ஆம் நாள் வரும் விடுதலைத் திருநாள். ஆண்டுதோறும் அந்நாளின் காலையில் ஒன்றுகூடுகிறோம், மூவண்ணக் கொடியை ஏற்றுகிறோம், நாட்டுப்பண் பாடுகிறோம், குழந்தைகளுக்கு இனிப்பு வழங்குகிறோம், அரைமணி நேரத்தில் கலைந்து விடுகிறோம். கொடிக்கம்பத்தின் கீழ் நிற்கும் சிறுவன் ஒருவன், “இந்நாளில் நாம் செய்ய வேண்டியது இவ்வளவுதானா?” என்று கேட்பானாயின், நாம் யாது விடை கூறுவோம்?

இவ்வினாவிற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஹுக்ளி ஆற்றின் மேற்கரையில், ஹவுராவை அடுத்த சாந்த்ராகாச்சியில் வாழ்பவர் நாம். 1900 ஆம் ஆண்டு ஹவுராவை எட்டிய வங்காள நாகபுரி இருப்புப்பாதை இவ்வூர் வழியாகவே தென்னாடு நோக்கிச் சென்றது. அப்பாதை வழியே பிழைப்பு நாடி வந்த தென்னாட்டார் பலர். நம் ஊருக்கு எதிரே, ஆற்றின் மறுகரையில், கல்கத்தா என்று அந்நாளில் வழங்கிய கொல்கத்தா மாநகரில்தான் விடுதலைத் திருநாளின் உட்பொருள் விளங்கிற்று. அவ்வரலாற்றில் வங்காளியரோடு தமிழருக்கும் பங்கு உண்டு. அதனை ஒருவாறு நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடுப்பு எரியாத நாள்

விடுதலை இயக்கத்தின் முதற் பெருநாள் ஒன்றைக் குறிப்பிட வேண்டுமாயின், 1905 ஆம் ஆண்டு அக்டோபர் 16 ஆம் நாளைக் குறிப்பிடலாம். அன்றுதான் கர்சன் பிரபுவின் ஆணைப்படி வங்காளம் இரண்டாகப் பிளக்கப்பட்டது. அதற்குச் சில திங்கள் முன்னரே, ஆகஸ்டு 7 ஆம் நாள், கல்கத்தா நகர மண்டபத்தில் கூடிய பெருங்கூட்டம் அந்நியப் பொருள்களை விலக்குவதென முடிவு செய்திருந்தது. பிரிவினை நாளன்று வங்காளியர் கண்ணீர் விட்டு ஓய்ந்தாரல்லர். இரவீந்திரநாத் தாகூரின் விருப்பப்படி, இந்து என்றும் முஸ்லிம் என்றும் பாராது ஒருவர் கையில் ஒருவர் இராக்கிக் கயிறு கட்டினர். இராமேந்திர சுந்தர திரிவேதியின் விருப்பப்படி வீடுகளில் அடுப்பு மூட்டாது இருந்தனர். இதனை வங்காளியர் ‘அரந்தன்’ என்பர். சமையல் இல்லாமை என்பது அதன் பொருள்.

கயிறு கட்டியது விழா. அடுப்பு அணைத்தது நோன்பு. ஒரே நாளில் இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தமையால் அந்நாள் மக்கள் நெஞ்சில் நின்றது. ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1911 ஆம் ஆண்டு டிசம்பரில், ஆங்கில அரசு அப்பிரிவினையை நீக்கவும் நேர்ந்தது.

கொண்டாடியதே குற்றமான நாள்

வங்கத்தில் மூண்ட சுதேசித் தீ, தென்கோடியில் பொருநை நாட்டைச் சென்று பற்றியது. 1906 ஆம் ஆண்டு தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அவ்வாண்டின் இறுதியில் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிற்குச் சென்ற பாரதியார், அங்கே நிவேதிதா தேவியைக் கண்டு அவரைத் தம் ஞானகுருவாகக் கொண்டார். மறு ஆண்டு, வங்கத்தின் நாவலராகிய விபின சந்திர பாலர் சென்னைக்கு வந்து கடற்கரையில் சொற்பொழிவுகள் ஆற்றினார். இவ்வாறு கங்கைக்கும் பொருநைக்கும் இடையே ஒரு பாலம் அமைந்தது.

விபின சந்திர பாலர், அரவிந்தருக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்தமையால் ஆறு திங்கள் சிறைத்தண்டனை பெற்று, 1908 ஆம் ஆண்டு மார்ச்சு 9 ஆம் நாள் விடுதலையானார். அந்நாளைச் சுயராஜ்ய நாளாகக் கொண்டாட வேண்டும் என்று வ. உ. சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முடிவு செய்தனர். திருநெல்வேலி மாவட்டத்தின் ஆட்சியாளர் அதனை விரும்பவில்லை. எனினும் விழா நடைபெற்றது. மூன்று நாள்களில், மார்ச்சு 12 ஆம் நாள், வ. உ. சி.யும் சிவாவும் சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. கடைகள் அடைக்கப்பட்டன, அரசாங்க அலுவலகங்கள் தீக்கிரையாயின, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் நீதிபதி பின்ஹே, வ. உ. சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது எனினும், கோவைச் சிறையில் செக்கிழுத்தும், பின் கண்ணனூர்ச் சிறையில் வாடியும், 1912 ஆம் ஆண்டின் இறுதியிலேயே அவர் வெளிவந்தார். அதற்குள் அவருடைய கப்பல் நிறுவனம் அழிந்துபோயிருந்தது.

இந்நிகழ்ச்சியை நாம் அடிக்கடி சொல்கிறோம். ஆனால் அதன் தொடக்கத்தை மறந்து விடுகிறோம். எங்கோ வடகிழக்கில் சிறை மீண்ட ஒரு வங்காளியின் விடுதலையைத் தம் விடுதலையாகக் கருதித் தமிழர் விழா எடுத்தனர். அவ்விழா எடுத்ததன் தொடர்ச்சியாகவே தமிழர் தலைவர் சிறை புகுந்தார். இன்று நாம் அச்சமின்றிக் கொடியேற்றி இனிப்பு உண்கிறோம். ஒரு நாளைக் கொண்டாடுவதே குற்றமாக இருந்த காலம் ஒன்று இருந்தது என்பதை நம் குழந்தைகள் அறிய வேண்டாவா?

உறுதிமொழி நாள்

அடுத்து வந்தது ஜனவரி 26. 1929 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆம் நாள் நள்ளிரவில், இலாகூரில் இராவி ஆற்றங்கரையில் ஜவாஹர்லால் நேரு கொடியேற்ற, முழு விடுதலையே குறிக்கோள் என்று காங்கிரஸ் அறிவித்தது. 1930 ஆம் ஆண்டு ஜனவரி 26 ஆம் நாளை விடுதலை நாளாகக் கொள்ளுமாறு நாட்டு மக்களை வேண்டியது. அன்று மக்கள் செய்தது யாது? ஊர்தோறும் கூடி நின்று, தத்தம் தாய்மொழியில் விடுதலை உறுதிமொழியை எடுத்துக்கொண்டனர். அந்நாளைச் சொற்பொழிவு நாளாக்காமல், நூல் நூற்றலும் தொண்டு செய்தலுமாகக் கழிக்க வேண்டும் என்பது காந்தியடிகளின் விருப்பம்.

விடுதலை வருவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே விடுதலை நாள் வந்து விட்டது என்பது எண்ணத்தக்கது. பாரதியாரோ அதற்கும் முன்பே விடுதலை கிடைத்து விட்டதாகவே பள்ளுப் பாடி, 1921 ஆம் ஆண்டு மறைந்தும் போனார். கையில் இல்லாத ஒன்றை உள்ளத்தில் ஏற்றுக்கொண்டு அதற்கென வாழ்தல் நோன்பின் இலக்கணம் அன்றோ?

1931 ஆம் ஆண்டு அதே நாளில், கல்கத்தாவின் மேயராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் தடையை மீறி ஊர்வலம் நடத்திச் சென்றார். நகரத் தந்தை என்றும் பாராது போலீசார் தடியால் அடித்து அவரைச் சிறைப்படுத்தினர். மறு ஆண்டு ஜனவரித் திங்களில், திருப்பூரில் கொடியேந்திச் சென்ற குமரன் தடியடிக்கு ஆளாகி, 11 ஆம் நாள் உயிர் துறந்தார். அதே திங்கள் 26 ஆம் நாள், ஆர்யா என வழங்கிய பாஷ்யம், சென்னை ஜார்ஜ் கோட்டையின் கொடிமரத்தில் இரவோடு இரவாக ஏறி, அந்நியர் கொடி பறந்த இடத்தில் நம் கொடியைப் பறக்க விட்டார். நம் அரசியலமைப்பு நடைமுறைக்கு வர ஜனவரி 26 ஆம் நாளே 1950 ஆம் ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்டதன் காரணம் இவ்வரலாறே ஆகும்.

பேலியாகட்டாவில் ஒரு நாள்

ஆகஸ்டு 15 ஆம் நாளோ நம்மவர் குறித்த நாள் அன்று. 1945 ஆம் ஆண்டு அந்நாளில்தான் ஜப்பான் பணிந்தது. அப்போது தென்கிழக்காசியப் படைகளின் தலைவராய் இருந்த மவுண்ட்பேட்டன் பிரபு, அதன் இரண்டாம் ஆண்டு நிறைவை நினைந்து இந்திய விடுதலைக்கும் அந்நாளையே குறித்தார். எனினும், அவர் குறித்த நாளுக்குப் பொருள் தந்தவர் வேறொருவர்.

1946 ஆம் ஆண்டு ஆகஸ்டு 16 ஆம் நாள் தொடங்கிச் சில நாள்களில் கல்கத்தா கொலைக்களமாயிற்று. நாலாயிரத்துக்குக் குறையாத மக்கள் மாண்டனர் என்பது பொதுவான கணக்கு. அதன் பின் ஓராண்டுக் காலம் அந்நகரில் அமைதி இல்லை. விடுதலை நாள் நெருங்க நெருங்க அச்சமே பெருகிற்று. நவகாளிக்குச் செல்லும் வழியில் 1947 ஆம் ஆண்டு ஆகஸ்டு 9 ஆம் நாள் கல்கத்தா வந்த காந்தியடிகளை முஸ்லிம் தலைவர்கள் அங்கேயே தங்குமாறு வேண்டினர். நவகாளியில் வாழும் இந்துக்களின் பாதுகாப்பிற்கு அவர்கள் பொறுப்பேற்க, அடிகள் இசைந்தார். முந்திய ஆண்டு கலவரத்தின்போது வங்காளத்தின் பிரதமராக இருந்த சுஹ்ரவர்தி, தம்மோடு ஒரே கூரையின் கீழ் தங்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். சுஹ்ரவர்தியும் உடன்பட்டார்.

ஆகஸ்டு 13 ஆம் நாள் இருவரும் பேலியாகட்டாப் பகுதியில் ‘ஹைதரி மன்ஸில்’ என்னும் பழுதடைந்த பழைய வீட்டில் குடிபுகுந்தனர். வாயிலில் சினங்கொண்ட இளைஞர் கூட்டம் நின்றது. “சென்ற ஆண்டு எங்கள் மக்கள் மடிந்தபோது நீர் ஏன் வரவில்லை?” என்பது அவர்கள் வினா. அடிகள் அவர்களை உள்ளே அழைத்துப் பொறுமையாய்ப் பேசினார். மறுநாள் மாலை கூட்டத்தின் நடுவே நின்று, முந்திய ஆண்டு நடந்த கொலைகளுக்குத் தமக்கும் பொறுப்புண்டு என்று சுஹ்ரவர்தி ஒப்புக்கொண்டார். அன்றிரவு நம்பவொண்ணாத காட்சி ஒன்று தோன்றியது. ஓராண்டாக ஒருவர் தெருவில் ஒருவர் காலெடுத்து வைக்க அஞ்சிய மக்கள், தெருக்களில் கூடித் தழுவிக்கொண்டனர். ஒருவர் மேல் ஒருவர் பன்னீர் தெளித்தனர். லாரிகளில் ஒன்றாய் ஏறி ஊர்வலம் வந்தனர்.

அந்நள்ளிரவில் டில்லியில் நேரு பெருமான் அரசியல் நிர்ணய சபையில் உரையாற்றினார். சென்னை வானொலியில் டி. கே. பட்டம்மாளின் குரலில் பாரதியார் பாடல் ஒலித்தது. நாடெங்கும் விளக்குகள் எரிந்தன. பேலியாகட்டா வீட்டில் காந்தியடிகள் வழக்கத்திற்கும் முன்னதாக இரண்டு மணிக்கே எழுந்தார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதே நாளில் சிறைக்காவலில் இறந்த தம் செயலாளர் மகாதேவ தேசாயை நினைந்து கீதை முழுவதையும் ஓதச் செய்தார். அன்று முழுவதும் உண்ணாதிருந்தார். இராட்டையில் நூல் நூற்றார். விடுதலை நாளுக்கெனச் செய்தி கேட்டு வந்தோருக்குத் தம்மிடம் கூற ஒன்றுமில்லை என்றார். வாழ்த்துப் பெற வந்த மேற்கு வங்க அமைச்சர்களிடம், அவர்கள் தலையில் ஏறியது முள்முடி என்று எச்சரித்தார்.

எந்த விடுதலைக்காக முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தாரோ, அந்த விடுதலை வந்த நாளை அவர் உண்ணாதிருந்து கழித்தார். துயரம் மட்டுமே அதற்குக் காரணம் அன்று. அரிய பொறுப்பு ஒன்றை ஏற்கும்போது உண்ணாதிருந்து இறைவனை நினைதல் அவர் வழக்கம். விடுதலையை அவர் ஒரு வெற்றியாகக் கருதவில்லை. ஒரு பொறுப்பாகவே கருதினார்.

இரு விருந்தினர்

அதே 15 ஆம் நாள் மேற்கு வங்கத்தின் முதல் ஆளுநராகப் பொறுப்பேற்றவர் தமிழர் ஒருவர். பழைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்த சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியாரே அவர். அவர் நியமனத்தை வங்கத்தில் எல்லாரும் விரும்பினர் என்பதற்கில்லை. 1939 ஆம் ஆண்டு திரிபுரி காங்கிரசின்போது சுபாஷ் சந்திர போசுக்கு மாறாக இராஜாஜி நின்றதை வங்காளியர் மறக்கவில்லை. சுபாஷின் தமையனார் சரத் சந்திர போஸ் அந்நியமனத்தை வெளிப்படையாகவே எதிர்த்தார். இத்தகைய சூழ்நிலையில், மொழி வேறாய் மண் வேறாய் வந்த ஒருவர் ஆளுநர் மாளிகையில் அடியெடுத்து வைத்தார். வெள்ளையரன்றிப் பிறர் எளிதில் நுழைய இயலாத அம்மாளிகைக்குள் அன்று மக்கள் வெள்ளம் புகுந்து, கூடந்தோறும் அறைதோறும் திரிந்து மகிழ்ந்தது.

இராஜாஜி காந்தியடிகளைக் கண்டு, கல்கத்தாவில் நிகழ்ந்தது ஓர் அற்புதம் என்று பாராட்டினார். அடிகளோ மனநிறைவு கொள்ளவில்லை. வீடிழந்து ஓடியவர்கள் தத்தம் பழைய வீட்டிற்கு அச்சமின்றித் திரும்பினாலன்றி, நடந்தது மனமாற்றம் என்று கொள்வதற்கில்லை என்பது அவர் கருத்து.

ஒரு தமிழர் வங்கத்தில் பொறுப்பேற்ற அந்நாளில், ஒரு வங்காளியர் தமிழ் மண்ணில் தம் எழுபத்தைந்தாம் ஆண்டை நிறைவு செய்தார். 1872 ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்த அரவிந்தரே அவர். ஆங்கில அரசின் பிடிக்கு அகப்படாது 1910 ஆம் ஆண்டு ஏப்ரல் 4 ஆம் நாள் புதுச்சேரிக் கரையில் இறங்கிய அவருக்குப் பாரதியாரும் நண்பர்களும் புகலிடம் தேடித் தந்தனர். அதன் பின் அவர் புதுச்சேரியை விட்டு நீங்கவே இல்லை. விடுதலை நாளுக்கென அவர் விடுத்த செய்தி திருச்சிராப்பள்ளி வானொலி நிலையத்தின் வாயிலாகவே ஒலிபரப்பாயிற்று.

வங்கத்தில் தமிழர் ஒருவர் விருந்தினர். தமிழகத்தில் வங்காளியர் ஒருவர் விருந்தினர். இருவரும் தாம் சென்ற மண்ணைத் தம் மண்ணாகவே கொண்டனர். பிறந்த ஊரை விட்டு வாழும் நமக்கு இதனினும் சிறந்த விடுதலை நாட் காட்சி வேறு யாது உண்டு?

இவ்விடத்தில் மற்றொன்றையும் மறத்தலாகாது. அந்நாள் எல்லாருக்கும் ஒரே வகையில் விடியவில்லை. அரவிந்தர் வாழ்ந்த புதுச்சேரி அன்று பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலேயே இருந்தது; 1954 ஆம் ஆண்டு நவம்பர் 1 ஆம் நாளே அவர்கள் ஆட்சிப் பொறுப்பைக் கைவிட்டனர். சட்டப்படியான இணைப்பு 1962 ஆம் ஆண்டு ஆகஸ்டு 16 ஆம் நாள் நிறைவெய்தியது. வங்கத்திலோ ராட்கிளிஃப் வகுத்த எல்லைக்கோடு ஆகஸ்டு 17 ஆம் நாள்தான் வெளியிடப்பட்டது. தாம் எந்நாட்டினர் என்று அறியாமலே நதியா, மால்டா முதலிய மாவட்டங்களின் மக்கள் விடுதலை நாளைக் கழித்தனர். ஆகவே அவ்வட்டாரங்களில் ஆகஸ்டு 18 ஆம் நாள் கொடியேற்றும் ஊர்கள் இன்றும் உண்டு. அக்கோட்டிற்கு அப்பால் வீடும் வயலும் விட்டு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பலர் இன்று நம் அண்டை அயலில் வாழ்கின்றனர். நாம் இனிப்பு வழங்கும் நாள், அவர்கள் வீட்டு மூத்தோருக்கு இழப்பையும் நினைவூட்டும் நாளாகும்.

எழுபத்து மூன்று மணி நேரம்

கல்கத்தாவில் மலர்ந்த அமைதி இரண்டு வாரங்கள் நிலைத்தது. ஆகஸ்டு 18 ஆம் நாள் வந்த ஈத் பெருநாளன்று பெருந்திரளான மக்கள் மைதானத்தில் காந்தியடிகளோடு கூடி வழிபட்டனர். பஞ்சாபில் பெரும்படை செய்ய இயலாததை வங்கத்தில் ஒரு தனி மனிதர் செய்தார் என்று மவுண்ட்பேட்டன் ஆகஸ்டு 26 ஆம் நாள் கடிதம் எழுதினார். ஐந்து நாள் கழிந்தது. 31 ஆம் நாள் இரவு, ஹைதரி மன்ஸில் வீட்டின்மேல் வெறிகொண்ட கூட்டம் பாய்ந்தது. சாளரங்கள் உடைந்தன. வீசியெறிந்த தடி ஒன்று அடிகள்மேல் படாது தப்பியது. மறுநாள் நகரமெங்கும் மீண்டும் குருதி சிந்தியது. அஞ்சி ஊர்தியேறிச் சென்ற ஏழை முஸ்லிம்கள் இருவர், அவ்வீட்டிற்கு அருகிலேயே வெடிகுண்டிற்கு இரையாயினர்.

செப்டம்பர் 1 ஆம் நாள் இரவு, எழுபத்தெட்டை எட்டிக்கொண்டிருந்த அம்முதியவர் உண்ணாநோன்பு தொடங்கினார். கல்கத்தா அறிவு தெளியும்வரை நோன்பு என்றார். செய்தி கேட்டு இராஜாஜி விரைந்து வந்தார். காலிகளுக்கு எதிராகவும் உண்ணாநோன்பு இருக்கலாமோ என்று வாதாடினார். காலிகளை உருவாக்குவோர் நல்லவர் எனப்படுவோரே, அவர் உள்ளத்தைத் தொடுவதே தம் நோக்கம் என்றார் அடிகள். நோன்பு பற்றிய அறிக்கையில், குடிக்கும் நீரில் எலுமிச்சைச் சாறு கலந்துகொள்ளலாம் என்று ஒரு சொல் இருந்தது. இராஜாஜியின் கூரிய கண் அதனைக் கண்டது. இறைவனிடமே தம்மை ஒப்படைத்தவருக்கு எலுமிச்சைச் சாறு எதற்கு என்று கேட்டார். அடிகள் மறுமொழி கூறாது அச்சொல்லை அடித்து விட்டார். நோன்பைத் தடுக்க வந்த நண்பர், நோன்பில் இருந்த குறையையும் களைந்து சென்றார்!

அதன் பின் நடந்தவை நெஞ்சை உருக்குவன. வட கல்கத்தாவில் காவல் புரிந்த ஐந்நூறு போலீசார் பணியில் இருந்துகொண்டே ஒரு நாள் உண்ணாதிருந்தனர். அவர்களுள் ஆங்கில அதிகாரிகளும் இருந்தனர். அமைதி காக்கச் சென்ற சசீந்திரநாத் மித்திரர் குத்துண்டு மாண்டார். ஸ்மிருதீஷ் பானர்ஜியும் அப்பணியிலேயே உயிர் நீத்தார். இளைஞர் சிலர் தாம் மறைத்து வைத்திருந்த துப்பாக்கிகளையும் வெடிகுண்டுகளையும் கொணர்ந்து அடிகள்முன் வைத்தனர். செப்டம்பர் 4 ஆம் நாள் மாலை, இந்து, முஸ்லிம், சீக்கியத் தலைவர்கள் கூடி வந்தனர். மீண்டும் கலவரம் மூளுமாயின் அதனைத் தடுப்பதில் உயிர் கொடுக்கவும் அணியமாயிருப்பீர்களா என்று அடிகள் வினவினார். அவர்கள் உறுதிமொழி எழுதிக் கையொப்பமிட்டனர். அதன் பின்னரே, எழுபத்து மூன்று மணி நேரம் கழித்து, சுஹ்ரவர்தி கையால் எலுமிச்சைச் சாறு பெற்று அருந்தினார்.

காந்தியடிகள் எய்திய வெற்றிகளுள் கல்கத்தாவில் தீமையை வென்றதற்கு ஒப்பானது வேறில்லை என்னும் கருத்தை இராஜாஜி வெளியிட்டார். செப்டம்பர் 7 ஆம் நாள் அடிகள் டில்லிக்குப் புறப்பட்டார். மீண்டும் அவர் கல்கத்தாவைக் காணவில்லை.

நாம் கொள்ள வேண்டிய பொருள்

அடுப்பு எரியாத நாள், சிறைக்கு வழிகாட்டிய நாள், உறுதிமொழி நாள், உண்ணாதிருந்த நாள் எனக் கண்டோம். இவற்றுள் எந்த நாளும் வெறுங் கொண்டாட்டமாய்க் கழியவில்லை. ஒவ்வொன்றிலும் மக்கள் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தனர். அயலாருக்காக ஏதோ ஒன்றை ஏற்றுக்கொண்டனர். விடுதலைத் திருநாள் விழாவாக இருப்பது தகும். நோன்பாகவும் இருந்தாலன்றி அது நிறைவெய்தாது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு ஒரு சோர்வு உண்டு. “நாம் இவ்வூருக்கு வந்தவர், இவ்வூர் நன்மை தீமைகள் நமக்கு எதற்கு?” என்று ஒதுங்கி நிற்கிறோம். அலுவலகம், வீடு, கோயில், சங்கம் என்ற நாற்சுவருக்குள் நம் வாழ்வு அடங்கி விடுகிறது. ஆண்டுகள் பல வாழ்ந்தும் அடுத்த வீட்டாரின் தாய்மொழியில் நாலு சொல் பேச அறியாதார் நம்முள் இலரா? தம்மை விரும்பாதாரும் இருந்த ஊரில் பொறுப்பேற்று, அவ்வூரின் துன்ப நாள்களில் உடன்நின்ற இராஜாஜியின் வரலாறு அச்சோர்வுக்கு மருந்தாகும். வீட்டு விழாவில் விருந்தினர் பரிமாறுவதில்லை என்பர். ஆனால் நெடுநாள் தங்கிய விருந்தினர் வீட்டாரே ஆவர்.

ஆகவே நம் சங்கத்தார் எண்ணிப் பார்க்கத்தக்கவை சில உண்டு. விடுதலை நாட் காலையில் கொடியேற்றும் முன், மேலே கூறிய நாள்களின் வரலாற்றைக் குழந்தைகளைக் கொண்டே தமிழிலும் வங்காளியிலும் சொல்லச் செய்யலாம். வ. உ. சி.யின் பெயரை வங்காளச் சிறுவர் கேட்கட்டும். சசீந்திரநாத் மித்திரர் பெயரைத் தமிழ்ச் சிறுவர் கேட்கட்டும். அன்று ஒரு வேளை உணவை விடுத்து, அதனால் மிஞ்சும் பொருளைக் கொண்டு நம் பகுதியில் படிக்க வசதியற்ற சிறுவர்க்கு, எம்மொழியினராயினும், புத்தகம் வாங்கித் தரலாம். இனிப்பின் முதற் பங்கை நம் குழந்தைகளுக்கு அன்று, அண்டை வீட்டாருக்கு அனுப்பலாம். ஹைதரி மன்ஸில் இன்று காந்தி பவன் என்னும் பெயரோடு நினைவிடமாக நிற்கிறது. வித்தியாசாகர் பாலத்தைக் கடந்தால் சென்றடையும் தொலைவுதான். ஆண்டிற்கு ஒரு முறையேனும் நம் இளைஞர்களை அங்கே அழைத்துச் சென்று காட்டுதல் நம் கடமை.

நம் ஊர் நிலையத்தை ஒட்டிய ஏரிக்குக் குளிர்காலந்தோறும் தொலைநிலங்களிலிருந்து பறவைகள் வருகின்றன. சில திங்கள் தங்கி நீரும் இரையும் பெற்று, வெயில் ஏறியதும் பறந்து விடுகின்றன. அவற்றைக் குறை கூறுவார் இல்லை. பறவையின் இயல்பு அது. மனிதர்க்கோ அது போதாது. நீர் தந்த ஏரி வற்றாமல் காப்பதில் நமக்கும் பங்கு உண்டு.

கொடிக்கம்பத்தின் கீழ் நின்ற சிறுவனுக்கு இப்போது விடை கூறலாம்: “இல்லை, தம்பி, இவ்வளவுதான் என்பதில்லை. கொடி ஏற்றியாயிற்று; விழா முடிந்தது. அடுத்த வீட்டில் வாழ்பவர் எம்மொழி பேசினும், எச்சமயம் சார்ந்தவராயினும், அவர் அச்சமின்றி உறங்க நாம் பொறுப்பு என்னும் நோன்பு இனிமேல்தான் தொடங்குகிறது. அது அடுத்த ஆண்டு இதே நாள் வரையில் நடக்கும்.”

வாழ்க பாரதம்! வளர்க தமிழ்!